எதிர்த்தரப்பு யார்?

"மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துடு" என்று அண்ணன் சொன்னபோது அவன் கையில் நான் போட்டுக் கொடுத்த டீ இருந்தது. குடித்து முடித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். அந்த அளவுக்குக்கூடப் பொறுமை இல்லை. அப்பாவின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கூரையில் ஓதம் பூத்திருக்கிற இடத்தை அண்ணாந்து பார்த்தபடி, வாடகைக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு காலமும் அண்ணனை வெளியாரிடம் 'அவர்' என்றுதான் சொல்லிவந்தேன். மூத்தவர், அப்பாவுக்கு அடுத்த இடம் என்றெல்லாம் ஒரு மரியாதை. இந்தக் கதையில் 'அவன்'தான். கேட்கிறவர்களுக்கு உறுத்தினால் உறுத்தட்டும்.

அப்பா கடைசி சில வருடங்கள் படுத்த படுக்கையாகத்தான் இருந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தது, முகம் மழித்துவிட்டது, கோபம் வந்து தட்டைத் தள்ளிவிட்டால் துடைத்தது எல்லாம் நான். அண்ணன் மாதம் ஒருமுறை வருவான். வந்தால் அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி வருவான். சுவரைத் தட்டிப் பார்ப்பான். குழாயைத் திறந்து மூடுவான். பிள்ளைக்கு வீட்டின்மேல் எவ்வளவு அக்கறை என்று நான் பூரித்துப்போனதும் உண்டு. முட்டாள்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அது வேறு கதை, அதில் யாருக்கும் பங்கு கிடையாது. இந்த வீட்டில் பிறந்தேன், இங்கேயே இருக்கிறேன். அப்பா உயில் எதுவும் எழுதவில்லை. எழுதச் சொல்லி நானும் கேட்டதில்லை. உயிரோடு இருக்கிற மனுஷனிடம் போய் அதை எப்படிக் கேட்பது?

அண்ணன் ஒரு தாளை எடுத்து டீ டம்ளர் பக்கத்தில் வைத்தான். எனக்கு இந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லை என்று நானே ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு. சும்மா ஒரு பேச்சுக்குத்தான்" என்றான். சும்மா பேச்சுக்கு என்றால் எதற்குத் தாள் என்று கேட்டேன். வீடு ஆண்பிள்ளைக்குத்தான் என்று அப்பா தன்னிடம் வாயால் சொல்லியிருக்கிறார் என்றான். அப்பா என்னிடம் தண்ணீர் கேட்பார், ஜன்னலைச் சாத்தச் சொல்வார், அவனை ஏன் காணோம் என்று கேட்பார். இதை மட்டும் சொல்ல மறந்துவிட்டாராம்.

யாரையாவது கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். எனக்கு அப்போது பங்கு உண்டா இல்லையா என்று சத்தியமாகத் தெரியாது. இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதையும் ஒரு விவரம் தெரிந்தவர் சொல்லிக் கேட்டால் மனசு ஆறும் இல்லையா? அண்ணன் சிரித்தான்.

"தாராளமா போய்க் கேளு. யாரை வேணும்னாலும் கேளு."

அந்தச் சிரிப்பை நான் அப்போது கவனித்தேனே ஒழிய, அதற்குள் என்ன இருந்தது என்று புரியவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸை பிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது, காதுக் கம்பியை வளைத்துக் கொடுப்பது, மூக்கில் உட்காரும் அந்தச் சின்ன ரப்பர் பேடை மாற்றுவது எல்லாம் என் வேலை. பெயர் தெரியாவிட்டாலும் பவரை வைத்து ஊர்க்காரர்களை அடையாளம் சொல்லிவிடுவேன். கோர்ட் தெருவில் இருக்கும் வக்கீல்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் கடைக்கு வருகிறவர்கள்தான். அதனால் எனக்கு ஒரு தெம்பு இருந்தது. தெரிந்த முகமாகப் பார்த்துப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரப்போகிறேன், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

முதலில் தடிக்கண்ணாடி வக்கீலிடம் போனேன். அவர் கண்ணாடி ஒவ்வொன்றும் என் கையால் பொருத்தியது. மாடி ஏறியதும் ஒரு சின்ன அறை, கட்டுக் கட்டாகக் காகிதம், சுற்றும்போது கிரீச் கிரீச் என்று கத்தும் ஃபேன். என்னைப் பார்த்ததும், "வாம்மா வாம்மா, கண்ணாடிக்காரம்மா" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். வீட்டு விஷயம் என்றேன். "எதிர்த்தரப்பு யாரு?" என்றார். அண்ணன் என்று சொல்லி, அண்ணனின் பெயரையும் சொன்னேன். சிரிப்பு அப்படியே வடிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

"இதுல நான் தலையிட முடியாதும்மா. தப்பா நினைச்சுக்காதே. மேல எதுவும் எங்கிட்ட சொல்லாதே."

ஏன் என்று கேட்டேன். அதையும் சொல்ல முடியாது என்றார். வாசல்வரை கூட வந்து வழியனுப்பினார். அந்த மரியாதைதான் என்னை இன்னும் எரிய வைத்தது. கை நீட்டி அண்ணனிடம் காசு வாங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, படியிறங்கும்போதே மனசுக்குள் அவரை வண்டி வண்டியாகத் திட்டினேன். அடுத்த முறை வரட்டும், பேடை இறுக்கி விடுகிறேன், மூக்கு சிவக்கட்டும் என்று கறுவிக்கொண்டேன்.

அடுத்தது ஒரு பெண் வக்கீல். பெண் கஷ்டம் பெண்ணுக்குப் புரியும் என்று நினைத்துப் போனேன். வெளியே மேசை போட்டிருந்த குமாஸ்தாவே நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார், எதிர்த்தரப்பு யார் என்று. சொன்னதும் உள்ளே போய்விட்டு வந்து, மேடத்துக்கு நேரமில்லை என்றார். மேடம் உள்ளே நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கதவு இடுக்கில் தெரிந்தது. நேராக உள்ளே போய் நின்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. பாவமாக என்னைப் பார்த்து, "நீங்க என்கிட்ட எதுவும் சொல்லாம போறதுதான் உங்களுக்கு நல்லது" என்று மட்டும் சொன்னார். நல்லது சொல்கிறார்களாம். வீதியில் நிற்கப்போகிறவளுக்கு வாயை மூடிக்கொண்டு போவது எப்படி நல்லது?

அப்புறம் போன இடத்திலும் அதே கதை. எல்லா வாசலிலும் அதே கேள்வி, அதே பதில், அதே பார்வை. எனக்கு என்ன தொற்று வியாதியா? கடையில் வந்து உட்கார்ந்தால் ஸ்க்ரூ கை தவறிக் கீழே விழுந்தது. தரையில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டே அழுதேன். இது சோகத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. சோகமாக இருந்தால் எனக்குத் தூக்கம்தான் வரும்.

கடைசியாக மிஞ்சியது தெருக்கோடியில் ஒரு இளம் வக்கீல். போர்டில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. குமாஸ்தா கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டார். மீசை முளைத்தும் முளைக்காததுமாக இருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் இவரிடம் கேஸே வராது போலிருக்கிறதே என்று பாவமாகக்கூட இருந்தது. அவரும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன்.

"உங்க அண்ணனா? அவர் போன வாரமே வந்து..." என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்து என்ன கேட்டான் என்று சொல்ல வேண்டாம், எனக்கு ஏன் எல்லோரும் கதவைச் சாத்துகிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் விசிறிக்கொள்ள ஒரு காகிதத்தை எடுத்தார், வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், பொதுவாகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொன்னார்.

"ஒருத்தர் வந்து ஒரு விஷயத்தை எங்ககிட்ட சொல்லி ஆலோசனை கேட்டுட்டா, அதே விஷயத்துல அவருக்கு எதிரா நாங்க நிக்கக் கூடாது. அவர் கேஸ் குடுக்காட்டியும் அப்படித்தான். அது எங்க தொழில் தர்மம்."

எல்லா வக்கீலிடமும் ஒரே ஆள் போய்க் கேட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மறுபடி அந்தக் காகிதத்தை எடுத்து விசிறிக்கொண்டார். காது மட்டும் சிவந்துபோனது.

அன்று சாயங்காலமே அண்ணி போன் செய்தாள். அண்ணி கெட்டவள் இல்லை. வாயில் எதுவும் நிற்காது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள், கொஞ்சம் பெருக்கித் துடைத்து வை என்று சொன்னாள். சொல்லிவிட்டு அவளாகவே புலம்பினாள். "உங்க அண்ணனுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. ஒரு மாசமா கோர்ட் தெருவே கதின்னு கிடக்கார். ஒவ்வொரு வக்கீலா போய் ஒரே ஒரு சந்தேகம், ஒரே ஒரு சந்தேகம்னு கேட்டுட்டு வர்றார். ஃபீஸ் வேற குடுக்கறார். பசங்களுக்கு செருப்பு வாங்கணும்னா மட்டும் அடுத்த மாசம்."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஃபீஸ் கொடுத்தானா? என் அண்ணனா? கூட வந்தவர் டீக்குக் காசு கொடுக்கும்வரை குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே இருக்கிறவன். தன் கண்ணாடியை என்னிடம் ஓசியில் சரிசெய்துகொண்டு, துடைக்கிற துணியையும் பையில் போட்டுக்கொண்டு போகிறவன். அவன் தன் காசைக் கொடுத்துத் தெரு முழுக்கப் படியேறி இறங்கியிருக்கிறான். எதற்கு? நான் கேட்கப்போகும் ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு.

வக்கீல்கள்மேல் இருந்த கோபம் அந்த நிமிடமே போய்விட்டது. அவர்கள் விதியில் தப்பே இல்லை. நாளைக்கு நான் ஒருவரிடம் என் வயிற்றெரிச்சலைச் சொன்னால், அவர் அண்ணன் பக்கம் போய் நிற்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த விதி. நல்ல பூட்டுதான். அதை வெளியிலிருந்து என்மேல் பூட்டிவிட்டான் பாவி. தடிக்கண்ணாடி வக்கீலைத் திட்டியதற்கு மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவருக்குச் சேர வேண்டிய திட்டையும் சேர்த்து அண்ணன் கணக்கில் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பெருக்கித் துடைக்கத்தான் செய்தேன். அண்ணி சொன்னதற்காக இல்லை. அது என் வீடு, தினமும் துடைக்கிற வீடு.

வந்தவர்கள் கணவன் மனைவி. வெளியூரில் பேக்கரி வைத்திருக்கிறார்களாம். இங்கே ஒரு கிளை போடுவதற்காக வீடும் பார்க்கிறார்களாம். அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, முன்னறை, சமையலறை என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். அப்பா படுத்திருந்த அறையைத் திறந்து, காற்று நன்றாக வரும், பிள்ளைகள் படிக்கத் தோதான அறை என்றான். அப்பாவின் கட்டில் இன்னும் அங்கேதான் இருந்தது. பேக்கரிக்காரரின் மனைவி ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, கதவோரம் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்து, நீங்கள் யார் என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"அப்பாவைப் பாத்துக்க வெச்சிருந்தோம். மாசக் கடைசில போயிடுவாங்க."

போயிடுவாங்க. பிறந்ததிலிருந்து என்னை வாடி போடி என்று கூப்பிட்டவன் முதல் தடவையாக எனக்கு மரியாதை கொடுத்தான். அதுவும் என்னை வேலைக்காரி ஆக்கித்தான் கொடுத்தான்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. வேலைக்காரி என்பது கேவலமான பேச்சு என்று நான் சொல்லவில்லை. யார் வீட்டிலோ யார் அப்பாவையோ பார்த்துக்கொண்டு பிழைக்கிற எத்தனையோ பேர் இவனைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நான் அப்பாவுக்குப் பிறந்தவள். அதை அப்பாவின் கட்டில் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒரு வாக்கியத்தில் இல்லை என்று ஆக்கிவிட்டான்.

"அவர் எனக்கும் அப்பாதான்" என்றேன்.

அண்ணன் அசரவில்லை. சிரித்துக்கொண்டே அந்த அம்மாவிடம், ரொம்ப வருடம் வீட்டோடு இருந்ததால் அப்பா அப்பா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், பாவம், என்று விளக்கம் சொன்னான். எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள். யோசித்து வைத்திருந்தால்தான் அப்படி வரும்.

நான் கத்தவில்லை. கத்தினால் வேலையை விட்டு நிறுத்திய கோபம் என்று சொல்லிவிடுவான். நேராகப் போய் அவன் பக்கத்தில் தோளோடு தோள் நின்றேன்.

"எங்க ரெண்டு பேர் மூக்கையும் பாருங்கம்மா. நடுத்தண்டு இடது பக்கம் சாஞ்சிருக்கும். எங்க அப்பாவுக்கும் அப்படித்தான். இந்த மூக்குல கண்ணாடி நேரா நிக்காது. இவர் கண்ணாடியில ஒரு பேடை மட்டும் உயர்த்தி வெச்சுக் குடுத்ததே நான்தான். கழட்டிப் பாருங்க."

அந்த அம்மா என் மூக்கைப் பார்த்தாள், அவன் மூக்கைப் பார்த்தாள். அண்ணன் அனிச்சையாகக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. இவ்வளவு நேரமும் அதிகம் பேசாமல் இருந்தவர், தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணனிடம் கேட்டார்.

"ஒரே பிள்ளைன்னு சொன்னீங்களே சார். எனக்கு ரெண்டு நாளா ஒரு குழப்பம். பத்திரத்தைச் சரி பார்க்கக் குடுக்கலாம்னு உங்க கோர்ட் தெருவுக்குப் போனேன். வீடு யாரோடதுன்னு கேக்கறாங்க. உங்க பேரைச் சொன்னதும், நாங்க பார்க்க முடியாதுங்கறாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, எல்லாருமே. இந்த வீட்டுல அப்படி என்ன சார் இருக்கு?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நான் போகக் கூடாது என்று தெரு முழுக்கப் பூட்டுப் போட்டானே, வாங்க வந்தவரும் அதே தெருவுக்குத்தானே போக வேண்டும்! அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. எல்லா வக்கீலுக்கும் தான் வேண்டப்பட்டவன் என்று ஏதோ உளறினான்.

"வீட்டுல ஒண்ணும் இல்லைங்க, நல்ல வீடுதான்" என்றேன் நான். "அப்பாவுக்குப் பிள்ளைங்க ரெண்டு பேர். இவர் ஒண்ணு, நான் ஒண்ணு. நான் எதுலயும் கையெழுத்துப் போடல."

பேக்கரிக்காரர் என்னைக் கும்பிட்டார். தெரியாமல் வந்துவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் மனைவி வெளியே போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

வண்டிச் சத்தம் மறைந்ததும் அண்ணன் குதித்தான். குடி கெடுத்தவள் என்றான். கூடப் பிறந்தவளா நீ என்றான். சற்று முன்புவரை நான் கூடப் பிறந்தவள் இல்லையே என்றேன். கேஸ் என்று போனால் இந்த ஊரில் எவன் உனக்கு வருவான், பார்த்துவிடுகிறேன் என்று விரலை ஆட்டினான். அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குப் பங்கே இல்லன்னா, இத்தனை பேர் வாயை எதுக்குண்ணா அடைச்ச?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உன்னிடம் பேசி என்ன பிரயோஜனம் என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பைத் தேடினான். வாரை மாட்ட அன்று அவனுக்கு நேரமே ஆகவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே எதுவும் மனசில் பதியவில்லை. அங்கேயும் அண்ணன் போய்க் கேட்டிருந்தால் என்ன செய்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே ஒரு வக்கீலின் போர்டு இருந்தது. உள்ளே நரைத்த தலையுடன் ஒரு குமாஸ்தா. ஏற்கெனவே சிலர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்த்தரப்பு யார் என்றார். சொன்னேன். உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது.

"அப்படி யாரும் இங்க வரல. உட்காருங்கம்மா."

உட்காருங்கம்மா என்று ஒருவர் சொல்வதற்குக் கண் கலங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வக்கீல் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு சொன்னார், உயில் இல்லாததால் வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் சம பங்கு, என் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டை விற்க முடியாது, என்னை வெளியே போகச் சொல்லவும் அவனுக்கு அதிகாரம் இல்லை, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று. அவ்வளவுதான் பதில். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இந்த நாலு வரி என் காதில் விழக் கூடாது என்றுதான் ஒரு மனிதன் ஊரையே வாயடைத்திருக்கிறான். வக்கீல் முன்னால் உட்கார்ந்துகொண்டே எனக்கு மறுபடி உடம்பெல்லாம் எரிந்தது.

அண்ணனுக்கு உடனே ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து அப்பாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டார்.

"மகள்" என்றேன்.

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.